காளானும் சஞ்சீவியும்

என் ஊர் ஆரியங்கோடு. நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லைச் சிற்றூர்களில் ஒன்று. வீட்டில் தமிழ், வீதியில் மலையாளம். 1956-இல் எல்லை வகுத்தபோது விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. நாங்கள் கேரளத்தில் நின்றோம். ஆனால், மழை விழுந்ததும் கறையான் புற்றருகே முளைக்கும் காளானுக்கு எல்லை ஏது? மலையாளத்தில் அது கூண், தமிழில் காளான். கறி ஒன்றுதான்!

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். அடுத்த வீட்டு மாமாவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று மருத்துவர் கூறியிருந்தார். மாமாவோ மருத்துவமனைக்குப் போவதை நிறுத்திவிட்டு, யாரோ விற்ற காளான் பொடியைப் பாலில் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். "மக்களே, இது ஜப்பான்காரன் கண்டுபிடிச்ச மருந்தாக்கும்!" என்று ஒரு துண்டுத்தாளை நீட்டினார்.

படித்தேன். பாதி உண்மை. தோழர்களே, பாதி உண்மை முழுப் பொய்யைவிடக் கொடியது!

உண்மை எது? நாம் உண்ணும் சோற்றின் மாவுப்பொருள், குளுக்கோஸ் என்னும் சர்க்கரை மணிகள் சங்கிலியாய்க் கோத்த பாலிசாக்கரைடு. காளானிலும் அதே குளுக்கோஸ் மணிகள் உண்டு. கோத்த விதம்தான் வேறு. அச்சங்கிலிக்கு பீட்டா குளுக்கான் என்று பெயர். சோற்றைச் செரிக்கும் நம் உடல், இதைச் செரிக்க அறியாது. ஆனால் நம் வெள்ளணுக்கள் இதை இனங்கண்டு விழித்துக்கொள்கின்றன. அதற்கெனவே அவற்றின்மேல் அமைந்த டெக்டின்-1 என்னும் ஏற்பி 2001-இல் அறியப்பட்டது.

1969-இல் ஜப்பானிய அறிஞர் கோரோ சிஹாராவும் அவர் குழுவினரும், ஷிடாகே காளானின் பாலிசாக்கரைடு எலிகளின் கட்டியை ஒடுக்குவதை வெளியிட்டனர். அதுவே லென்டினன். இரைப்பைப் புற்றுநோய்க்கு அது 1985-இல் ஜப்பானில் ஒப்புதல் பெற்றது. வேறொரு மரக்காளானிலிருந்து எடுத்த கிரெஸ்டின் 1977-இலேயே ஒப்புதல் பெற்றிருந்தது. மருந்து மட்டுமா? ஒருவகைப் பூஞ்சை தரும் புல்லுலான், மாத்திரைக் கூடாகவும் வாயில் கரையும் மெல்லேடாகவும் பயன்படுகிறது. மட்கிய கட்டையில் முளைப்பதுதானே என்று இகழ்வதற்கில்லை!

பொய் எது? லென்டினன் பாலில் கலக்கிய பொடியன்று. தூய்மைப்படுத்தி, அளவறிந்து, ஊசிவழி ஏற்றிய மருந்து. அதுவும் தனியே அன்று; புற்றுநோய் மருந்தோடு சேர்த்தே கொடுத்தனர். கிரெஸ்டின் வாய்வழி கொடுக்கப்பட்டதுதான். ஆயினும் அறுவைக்கும் மருந்துக்கும் துணையாகவே கொடுத்தனர். காளான் சர்க்கரை துணைவன்; தலைவன் அல்லன். இந்த ஒரு வரியைத்தான் துண்டுத்தாள் விழுங்கிவிட்டது.

விற்றவனை மட்டும் பழித்துப் பயன் என்ன? அந்த ஒரு வரியைத் தமிழில் சொல்ல நாம் எங்கே போனோம்? நம்மவர்க்கு அறிவில்லையா? புற்றருகே முளைக்கும் காளான் இனங்களுள் ஒன்றை, டெர்மிடோமைசஸ் ஹெய்மி என்று 1979-இல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் சென்னைப் பல்கலைக்கழகத்து நடராஜன். ஆராய்ச்சி ஆங்கில ஏடுகளில் இருக்கிறது. ஏமாற்று மட்டும் தாய்மொழியில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது!

திண்ணையில் அமர்ந்து மாமாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சோறும் காளானும் கொண்டே விளக்கினேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "இதை நேரத்தே யாரும் சொல்லித் தரல்லியே, மக்களே" என்றார். மறுநாள் காலை மருத்துவமனைக்குப் புறப்பட்டார். இடையில் போன இரண்டு மாதங்களை யார் திருப்பித் தருவார்?

நம் சங்கம் பட்டிமன்றம் நடத்துகிறது, பாராட்டுகிறேன். அதனோடு இதையும் செய்வோம். வேதியியல், தாவரவியல், மருத்துவம் பயில்வோர், தாம் கற்ற ஒரு பொருளையேனும் ஒரு பக்கத் தமிழில் எழுதட்டும். எது மெய்ப்பிக்கப்பட்டது, எது வெறும் நம்பிக்கை என்று பிரித்து எழுதட்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் அந்தப் பக்கத்தை எடுத்துச் செல்லட்டும்.

தமிழ் வாழ்க என்கிறோம். அந்தத் தமிழால் ஒரு தமிழன் வாழவேண்டாமா?