புதிய பயிற்றுநருக்கு எத்தனை மணி வேலை?

தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதுப்பிக்க மத்திய அரசு பெரும் தொகை ஒதுக்கியிருக்கிறது. 2025 மே மாதம் மத்திய மந்திரிசபை ஒப்புதல் அளித்த திட்டத்தின்படி, ஐந்து ஆண்டுகளில் 60,000 கோடி ரூபாய் செலவிடப்படும். இதில் மத்திய அரசின் பங்கு 30,000 கோடி, மாநிலங்களின் பங்கு 20,000 கோடி, தொழில் நிறுவனங்களின் பங்கு 10,000 கோடி. 1,000 அரசு ஐ.டி.ஐ.க்கள் புதுப்பிக்கப்படும். சென்னை, ஐதராபாத், புவனேசுவரம், கான்பூர், லூதியானா ஆகிய ஐந்து ஊர்களில் உள்ள தேசியப் பயிற்சி நிலையங்கள் உயர் சிறப்பு மையங்களாக்கப்படும். 50,000 பயிற்றுநர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் திட்டத்தில் அடங்கும்.

நல்ல செய்திதான். புதிய எந்திரங்கள் வரும், கட்டடங்கள் எழும்பும். ஆனால் அந்த எந்திரத்தின் பக்கத்தில் நின்று மாணவனுக்குக் கைப்பிடித்துச் சொல்லிக் கொடுக்கப்போகிறவர் யார், அவர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்ற கேள்வியைப் பலரும் எழுப்பவில்லை. திட்டத்தின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

நமக்கு என்ன சம்பந்தம்?

இது ஆசிரியர்களின் சொந்தப் பிரச்னை, நமக்கென்ன என்று வாசகர்கள் நினைக்கலாம். அப்படியல்ல. தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், மாட்டுங்காவிலும் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களில், பத்தாவது தேறிய பையனை கல்லூரிக்கு அனுப்ப வசதியில்லாதபோது கைகொடுப்பது ஐ.டி.ஐ.தான். பிட்டர், டர்னர், எலக்ட்ரீசியன், வெல்டர் என்று ஏதாவது ஒரு சான்றிதழ் இருந்தால், 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி பரேல், மாட்டுங்கா ரெயில்வே பட்டறைகளில் பயிற்சிக்கு மனுப்போடலாம். அந்தப் பையன் லேத்தில் கை வைக்கும் முதல் நாள், அவனுக்குப் பின்னால் நிற்பவர் நேற்று வேலைக்குச் சேர்ந்த பயிற்றுநராக இருக்கக்கூடும். அவர் களைத்துப் போயிருந்தால் நஷ்டம் பையனுக்குத்தான். சில நேரம் அந்த நஷ்டம் ஒரு விரலாகவும் இருக்கலாம்.

கணக்கு சொல்வது

ஐ.டி.ஐ. பாடத்திட்டம் 2022-ல் திருத்தப்பட்டது. அதன்படி ஆண்டுக்கு 1,200 மணி நேரம் பயிற்சி. இதில் முதல் ஆண்டில் செய்முறைக்கு 840 மணி, தொழில் பாடத்துக்கு 240 மணி, வேலைவாய்ப்புத் திறனுக்கு 120 மணி. கடைசிப் பகுதியை வேறொருவர் நடத்துகிறார் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பிரிவின் பயிற்றுநர் தலையில் 1,080 மணி விழுகிறது. ஆண்டில் 40 வாரம் வகுப்பு நடந்தால், வாரத்துக்கு 27 மணி நேரம். பல தொழில்களில் ஒரு பிரிவுக்கு 20 மாணவர்கள்.

இந்த 27 மணியும் நின்றுகொண்டே செய்யும் வேலை. நாளைய பாடத்துக்குத் தயார் செய்வது, கருவிகளை எண்ணி வாங்குவது, எந்திரத்தைச் சரிபார்ப்பது, மாணவர் செய்த வேலையை அளந்து மதிப்பெண் போடுவது, பதிவேடு எழுதுவது, இணையத்தில் விவரம் ஏற்றுவது எல்லாம் இதற்கு வெளியே. பக்கத்துப் பிரிவில் இடம் காலியாக இருந்தால், அதையும் பார்த்துக்கொள்ளும்படி சொல்வது வழக்கம். அப்போது கணக்கு 54 மணி ஆகிவிடும். ஒரு மனிதரால் அது முடியாது. ஆகவே இரண்டு பிரிவையும் ஒன்றாக உட்கார வைப்பார்கள். அல்லது ஒரு பிரிவு சும்மா இருக்கும். ஏட்டில் மட்டும் மணிக்கணக்கு சரியாக இருக்கும்.

இளையவருக்கே அதிகம்

கல்லூரிகளில் நிலைமை சற்று மேல். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ம் ஆண்டு விதிகள், வாரத்துக்கு 40 மணி நேர வேலையில் நேரடி வகுப்பு எவ்வளவு என்று வரையறுத்தன. உதவிப் பேராசிரியருக்கு 16 மணி. இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி. மீதி நேரம் தயாரிப்புக்கும் மற்ற வேலைக்கும் என்ற கொள்கை அதில் இருக்கிறது. ஆனால் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். இருபது ஆண்டு பாடம் நடத்தி எல்லாம் மனப்பாடமாகிவிட்டவருக்கு 14 மணி. ஒவ்வொரு பாடத்தையும் முதல்முறையாகத் தயார் செய்ய வேண்டிய புதியவருக்கு 16 மணி!

2016 மே மாதம் இந்த 16 மணியை 18 ஆக்கி, அதற்கு மேல் 6 மணி டியூட்டோரியலும் சேர்க்க முயற்சி நடந்தது. டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்த மறுத்துப் போராடினார்கள். அந்த மாதமே பழைய கணக்குத் திரும்பியது. ஊருக்கு ஒருவர், இருவராகச் சிதறிக் கிடக்கும் ஐ.டி.ஐ. பயிற்றுநர்களுக்கு அந்தப் பலம் இல்லை.

மணிக்கணக்கில் சம்பளம் வாங்குவோர் நிலை இன்னும் மோசம். மகாராஷ்டிரத்தில் ‘கிளாக் அவர்’ ஆசிரியர் என்று இவர்களைச் சொல்வார்கள். வகுப்பில் நின்ற மணிக்குத்தான் காசு. முந்தின இரவு தயார் செய்த மணிக்கு யாரும் தருவதில்லை.

ரெயில்வேயில் உள்ள நியாயம்

நம்மில் பலருக்குத் தெரிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. ரெயில்வேயில் வேலை நேரத்தைக் கணக்கிட தனி விதிகள் உண்டு. 1947-ல் நீதிபதி ராஜாத்யட்சர் அளித்த தீர்ப்பும், பின்னர் மியாபாய் நடுவர் மன்றத்தின் தீர்ப்பும் அதற்கு அடிப்படை. மூளைக்கும் உடலுக்கும் ஓய்வே தராத வேலைக்கு வாரம் 42 மணி, தொடர்ச்சியான வேலைக்கு 48 மணி என்று வேலையின் தன்மையைப் பார்த்துப் பிரித்தார்கள். அதோடு, பொறுப்பை ஏற்பது, ஒப்படைப்பது போன்ற ஆயத்த வேலைக்கு ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வழி செய்தார்கள். பாடம் நடத்தும் வேலையில் ஆயத்தம் அதைவிட எவ்வளவோ அதிகம்.

இன்னொன்றும் உண்டு. என்ஜின் டிரைவர் எவ்வளவு திறமைசாலியானாலும், புதிய தடத்தில் தனியாக வண்டியை ஓட்ட விடமாட்டார்கள். தெரிந்தவரோடு போய், சிக்னல் எங்கே, ஏற்ற இறக்கம் எங்கே என்று தடத்தைப் படித்த பிறகுதான் பொறுப்பு. பட்டறையில் நன்றாக வேலை செய்தவர் வாத்தியாராகும்போது அவருக்கும் தடம் புதிது. கை செய்வதை வாயால் சொல்லத் தெரிய வேண்டும். இருபது பேரையும் ஒரே நேரத்தில் கவனிக்கத் தெரிய வேண்டும். இதைக் கற்றுத் தர ஓராண்டுப் பயிற்றுநர் பயிற்சி இருக்கிறது. நம் சயானிலேயே அதற்கு நிலையம் உண்டு. ஆனால் பயிற்சி முடித்து வந்த மறுநாளே முழுச் சுமையையும் ஏற்றிவிடுகிறார்கள்.

இங்கிலாந்தில் 2021 முதல் புதிய பள்ளி ஆசிரியர்களுக்கு முதல் ஆண்டில் வகுப்பு நேரத்தில் 10 சதவிகிதமும், இரண்டாம் ஆண்டில் 5 சதவிகிதமும் குறைக்கிறார்கள். அந்த நேரம் அவர்கள் தொழிலைக் கற்பதற்கு.

செலவு எவ்வளவு?

ஆள் பற்றாக்குறை உள்ள நேரத்தில் வேலையைக் குறைப்பதா என்று அதிகாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முதல் ஓராண்டுக்கு மட்டும் கால் பங்கு குறைத்தால், 27 மணி என்பது சுமார் 20 மணி ஆகும். நான்கு புதியவர்களிடம் குறைத்த நேரத்தைச் சேர்த்தால் ஒரு பயிற்றுநரின் வேலை. அதாவது நான்கு பேருக்கு ஒருவர் கூடுதல், அதுவும் ஓராண்டுக்கு. 60,000 கோடித் திட்டத்தில் இது பெரிய தொகையல்ல. பட்டறையில் ஓய்வு பெற்ற அனுபவசாலிகளை இதற்கு அழைக்கலாம். வேலையை விட்டு ஓடிப்போகும் ஒவ்வொரு புதியவரும் அதைவிட அதிகச் செலவு வைக்கிறார்.

குறைத்தால் மட்டும் போதாது. முதல் ஆண்டில் ஒரே தொழில், ஒரே பிரிவு என்று வைக்க வேண்டும். கிடைக்கும் ஏழு மணியில் ஒரு பகுதியை மூத்த பயிற்றுநரின் பட்டறையில் கூட இருந்து பார்க்கப் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஆபீஸ் வேலை அந்த நேரத்தை விழுங்கிவிடும். காலி இடத்தின் சுமையைப் புதியவர் தலையில் கட்டக் கூடாது. ‘கிளாக் அவர்’ ஆசிரியருக்குத் தயாரிப்பு நேரத்துக்கும் ஊதியம் தர வேண்டும்.

50,000 பயிற்றுநர்களுக்குப் பயிற்சி தரப்போவதாகத் திட்டம் சொல்கிறது. பயிற்சி பெற்று வந்தவருக்கு அதைப் பயன்படுத்த நேரம் தரப்படுமா என்பதையும் அதே திட்டம் சொல்ல வேண்டும். மாநில அரசுகள் தங்கள் பங்கைச் செலவிடத் தொடங்கும் இந்த நேரத்திலேயே விதியை எழுதிவிடுவது நல்லது. எந்திரம் வாங்கிய பிறகு மனிதரைப் பற்றி யோசிப்பது, தண்டவாளம் போட்டுவிட்டு டிரைவரைத் தேடுவது போலத்தான் ஆகும்.