விலகுறதுக்கு என் சான்றிதழ் எதுக்கு?

போன மாசம் ஓபியில் ஒருத்தர் என்கிட்ட பொய்ச் சான்றிதழ் கேட்டார். கெட்டவர் இல்லை. கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

நான் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். பொய்ச் சான்றிதழ் கேட்கிறவங்க எங்களுக்குப் புதுசு இல்லை. லீவுக்கு, கோர்ட் வாய்தாவுக்கு, பொண்டாட்டி ஊருக்குப் போகாம இருக்கறதுக்குக்கூடக் கேட்டிருக்காங்க. ஆனா ஒரு ஸ்போர்ட்ஸ் கிளப்பில் கட்டின பணத்தைத் திரும்ப வாங்க "இவர் வாழ்நாள் முழுக்க விளையாட முடியாது" என்று எழுதித் தரச் சொன்னது இதுதான் முதல் தடவை. அதுக்கப்புறம் விசாரிச்சுப் பார்த்தேன். என் கூட வேலை பார்க்கிற ரெண்டு பேர் இதே கேள்வியைச் சந்திச்சிருக்காங்க.

ஆளைச் சொல்லாம கதையை மட்டும் சொல்றேன். நாற்பது வயசு. மறைமலை நகர்ப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோட மாமல்லபுரம் போயிருக்கார். திரும்பி வர்ற வழியில் ஈசிஆரில் ஒரு கிளப். நீச்சல் குளம், பேட்மின்டன் கோர்ட், ஜிம். "சும்மா உள்ள வந்து பாருங்க சார்." பையனுக்குப் பதினொரு வயசு, குளத்தைப் பார்த்ததும் நகர மாட்டேங்கிறான். அன்னிக்கு ஒரு நாள் மட்டும்தான் அந்த விலை. மூணு வருஷக் குடும்ப மெம்பர்ஷிப் 84,000 ரூபாய். கையில் காசு இல்லைன்னு சொல்லியிருக்கார். "காசே வேண்டாம் சார், ஆதாரும் பான் கார்டும் போதும்." மாசம் 7,000, பன்னிரண்டு மாசம். டீ ஆறுறதுக்குள்ள ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் அவர் பேரில் கடன் உருவாகியாச்சு.

இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. முந்தின வருஷம் சுகர் பார்டர்ல இருக்குன்னு வந்தப்போ "உடம்பை அசைங்க அண்ணா, வாரத்துக்கு 150 நிமிஷம்" என்று சொல்லி அனுப்பினது நான்தான். நாங்க ஓபியில் இலவசமாத் தர்ற அறிவுரையை ரோட்டோரத்தில் ஒருத்தன் 84,000-க்கு விற்கிறான்.

அஞ்சு மாசம் ஒழுங்காப் போயிருக்கார். அப்புறம் ஷிஃப்ட் முடிஞ்சு வரும்போது பைக் சறுக்கி, வலது முழங்கால்ல ஏசிஎல் ஜவ்வு கிழிஞ்சது. கிளப்புக்குப் போய் ரத்து பண்ணுங்கன்னு கேட்டதுக்கு முதல் பதில்: ரீஃபண்ட் கிடையாது, வேணும்னா ஆறு மாசம் ஃப்ரீஸ். ரெண்டாவது தடவை: வேற யாருக்காவது மாத்திக்கலாம், அதுக்குத் தனிக் கட்டணம். மூணாவது தடவை மேனேஜர் பெரிய மனசு பண்ணி: "அரசு டாக்டர்கிட்ட நிரந்தரமா முடியாதுன்னு லெட்டர் வாங்கிட்டு வாங்க, ஹெட் ஆபீஸுக்கு அனுப்பிப் பார்க்கிறோம்."

எழுத மாட்டேன்னு சொல்லிட்டேன். ஏன்னா அது உண்மை இல்லை. ஏசிஎல் கிழிஞ்சவர் ஆபரேஷன் பண்ணி, பிசியோதெரபியை ஒழுங்காப் பண்ணினா ஒன்பது மாசமோ அதுக்கு மேலயோ கழிச்சு மறுபடி விளையாட நல்ல வாய்ப்பு இருக்கு. பொய்ச் சான்றிதழ் கொடுத்தா 2002-ஆம் வருஷத்து மருத்துவ நெறிமுறை விதிகளின்படி என் பதிவே போகலாம். அதைவிட முக்கியமா, "உங்க கால் இனி அவ்வளவுதான்" என்று என் கையெழுத்தில் எழுதின காகிதத்தை ஒரு மனுஷன் பையில் வச்சுக்கிட்டு பிசியோவுக்குப் போகக் கூடாது. வீட்டுக்காரம்மா கூட வந்திருந்தாங்க. "உண்மையை எழுதினா பணம் போயிடும்ல சார்" என்றாங்க. அந்தக் கேள்விக்கு அன்னிக்கு என்கிட்ட பதில் இல்லை. ராத்திரி டூட்டியில் உட்கார்ந்து தேடினேன். அதுதான் இந்த த்ரெட்.

முதல்ல ஒண்ணை நேர்மையாச் சொல்லிடறேன். "நுகர்வோர் சட்டப்படி 30 நாளில் முழுப் பணமும் வந்தே ஆகணும்" என்று வாட்ஸ்அப்பில் சுத்துறது பாதி உண்மை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(47)-இல் அந்த 30 நாள் இருக்கு. ஆனா அது குறைபாடுள்ள சேவைக்கு. குளத்தில் தண்ணி இல்லை, சொன்ன கோச் வரவே இல்லை, கோர்ட்டைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டுட்டாங்க, இந்த மாதிரி. ரசீதில் வேற கெடு போடலைன்னா 30 நாளில் பணத்தைத் திருப்பணும், மறுத்தா அது நியாயமற்ற வணிக நடைமுறை. கிளப் ஒழுங்கா நடக்குது, எனக்குத்தான் முடியலைன்னா அந்தப் பிரிவு நேரடியா உதவாது.

என் கோபமே இங்கதான் ஆரம்பிக்குது.

இன்ஷூரன்ஸ் பாலிசி எடுத்துட்டுப் பிடிக்கலையா? 30 நாளுக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம். ஆப்பில் கடன் வாங்கிட்டு மனசு மாறிடுச்சா? ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு யோசனைக் காலம் உண்டு. அசலையும் அந்தச் சில நாள் வட்டியையும் கட்டிட்டு அபராதம் இல்லாம வெளியே வரலாம். எத்தனை நாள்னு கடன் விவரத் தாளில் போட்டிருக்கணும். ஐரோப்பிய ஒன்றியத்தில் விடுமுறை டைம்ஷேர் ஒப்பந்தத்துக்கே 14 நாள் உண்டு. நியூயார்க்கில் ஜிம் ஒப்பந்தத்தை மூணு நாளுக்குள்ள ரத்து பண்ணலாம். நம்ம ஊரில் ஒரே நாளில், குழந்தையைக் காட்டி, டீ கொடுத்துக் கையெழுத்து வாங்குற கிளப் மெம்பர்ஷிப்புக்கு ஒரு மணி நேர யோசனைக் காலம்கூடச் சட்டத்தில் இல்லை. கடனை ரத்து பண்ணலாம், எதுக்காகக் கடன் வாங்கினோமோ அதை ரத்து பண்ண முடியாது! இதை யாராவது சட்டசபையிலோ நாடாளுமன்றத்திலோ கேட்கணும்.

சட்டம் இல்லைன்னா அவங்க போட்டதுதான் சட்டமா? அதுவும் இல்லை.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இல் வந்தது. அதன் 74-ஆம் பிரிவு சொல்றது எளிமையானது: ஒப்பந்தத்தை மீறினா இவ்வளவு என்று காகிதத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும், கிடைக்கிறது நியாயமான இழப்பீடு மட்டுமே. எழுதின தொகை உச்சவரம்பு, அவ்வளவுதான். 2015-இல் கைலாஷ்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாச் சொன்னது: நஷ்டமே இல்லாம முன்பணத்தை விழுங்க முடியாது.

இன்னும் நெருக்கமான வழக்கு 2025 பிப்ரவரியில் வந்தது. கோத்ரெஜ் நிறுவனத்திடம் குர்கானில் வீடு பதிவு பண்ணின ஒருத்தர், வீடு தயாரானப்புறம், மார்க்கெட் விலை இறங்கிடுச்சுன்னு சொல்லித் தானாவே ரத்து பண்ணினார். கவனிங்க, அங்க பில்டர் மேல தப்பு இல்லை, இவருக்கு மனசு மாறிடுச்சு. ஒப்பந்தத்தில் அடிப்படை விலையில் 20 சதவீதம் பிடிக்கலாம்னு இருந்தது. அது ஒருதலைப்பட்சமான நிபந்தனைன்னு சொல்லி, 10 சதவீதம் போக மீதியைத் திருப்பித் தரச் சொன்னது சரிதான்னு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வட்டி மட்டும் கிடையாதுன்னுட்டாங்க. வீடு வேற, கிளப் வேற. அதே தீர்ப்பு இவருக்கும் வரும்னு நான் எழுதித் தர முடியாது. ஆனா கோடி ரூபாய் வீட்டிலேயே 20 சதவீதம் அதிகம்னா, பேட்மின்டன் கோர்ட்டில் நூறு சதவீதம் எந்த ஊர் நியாயம்?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 84,000-ஐ 36 மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 2,333. பயன்படுத்தின அஞ்சு மாசத்துக்கு 11,667. அவங்க செலவுக்கு இன்னும் 10 சதவீதம், 8,400, பிடிச்சுக்கட்டும். மீதி கிட்டத்தட்ட 64,000 ரூபாய். அதைக் கேட்கிறதுக்கு அவர் ஊனமாக வேண்டிய அவசியமே இல்லை.

கிளப் பக்கமும் நியாயம் இருக்கு, மறுக்கலை. குளத்துக்குக் குளோரின், கரண்ட் பில், கோச் சம்பளம் எல்லாம் மெம்பர் வராத மாசத்திலும் ஓடும். அதுக்குத்தான் அந்தப் பிடித்தம். திருக்கழுக்குன்றம் மாதிரி ஊர்களில் மாசாமாசம் காசு வாங்கி, வராத மாசத்துக்குக் கேட்காத சின்ன ஜிம் அண்ணன்கள் இருக்காங்க. 2020 லாக்டவுனில் அவங்க பட்ட பாடு எனக்குத் தெரியும். இந்த த்ரெட் அவங்களைப் பத்தி இல்லை.

இது மெம்பர் வர மாட்டார்னு தெரிஞ்சே நடக்கிற வியாபாரத்தைப் பத்தி. 2006-இல் டெல்லவிக்னா, மால்மெண்டியர் என்ற ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க ஜிம் மெம்பர்களைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க. தலைப்பே, ஜிம்முக்குப் போகாமல் இருக்கப் பணம் கட்டுவது. மாசம் 70 டாலருக்கு மேல கட்டினவங்க சராசரியாப் போனது மாசத்துக்கு 4.3 தடவை. ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல ஆச்சு. பத்து தடவை பாஸ் வாங்கியிருந்தா தடவைக்கு 10 டாலர்தான். நாளையிலிருந்து நான் வேற ஆளுன்னு நம்புறது எல்லா நாட்டிலும் ஒண்ணுதான். மூணு வருஷத் திட்டம் அந்த நம்பிக்கையைத்தான் விற்குது.

அதோட மூணு வருஷம் அந்தக் கிளப் இருக்குமான்னு யாருக்குத் தெரியும்? 1932-இல் தொடங்கி, 2010-இல் பங்குச் சந்தைக்கே வந்த தல்வல்கர்ஸ், 2019-இல் கடன் வட்டியைக் கட்ட முடியாம விழுந்தது. ஊர் ஊரா ஜிம்கள் மூடினப்போ முன்பணம் கட்டின மெம்பர்கள் பூட்டின கதவுக்கு முன்னாடி நின்னாங்க.

சரி, மாட்டிக்கிட்டவங்க என்ன பண்ணணும்?

போன்ல சண்டை போடாதீங்க. எழுத்தில் கொடுங்க. மெயிலும் அனுப்புங்க, ஒப்புகையோட தபாலிலும் அனுப்புங்க. "இந்தத் தேதியோடு விலகுகிறேன், பயன்படுத்திய காலத்துக்கும் நியாயமான பிடித்தத்துக்கும் போக மீதியைத் தாருங்கள்" என்ற ரெண்டு வரி போதும். ஃப்ரீஸுக்குச் சம்மதம்னு எதிலும் கையெழுத்துப் போடாதீங்க. ஃப்ரீஸ் ரீஃபண்ட் இல்லை, உங்க பணம் அவங்ககிட்ட தூங்குறதுக்குப் பேர்தான் ஃப்ரீஸ். டெபாசிட்னு தனியா எதாவது கட்டியிருந்தா அது கட்டணம் இல்லை, தனியாக் கேளுங்க. "ஜிஎஸ்டி அரசாங்கத்துக்குப் போயிடுச்சு" என்பாங்க. ரத்தான சேவைக்கு வரியைக் குறைச்சுக் கணக்குக் காட்ட கிரெடிட் நோட் என்று ஒண்ணு இருக்கு. அவங்க ஆடிட்டருக்குத் தெரியும்.

இஎம்ஐயைக் கோபத்தில் நிறுத்திடாதீங்க. கடன் ஃபைனான்ஸ் கம்பெனியோடது, அடி உங்க சிபில் ஸ்கோருக்கு விழும். அதே கடிதத்தை அவங்களுக்கும் அனுப்புங்க. 30 நாளில் பதில் இல்லைன்னா, இல்ல பதில் திருப்தி இல்லைன்னா, ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் போகலாம்.

அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். நிறைய கம்பெனி இந்தக் கட்டத்திலேயே பேச வரும். வரலைன்னா நுகர்வோர் ஆணையம். செங்கல்பட்டிலேயே இருக்கு. கட்டின பணம் 5 லட்சம் வரைக்கும் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாம இலவசச் சட்ட உதவி உண்டு, இது எங்க ஸ்டாஃப் நர்ஸ்களுக்கே தெரியலை. ரெண்டு வருஷத்துக்குள்ள மனு போடணும்.

ஃபார்ம்ல "மும்பை நீதிமன்றத்துக்கு உட்பட்டது" என்று பொடி எழுத்தில் இருக்கும். பயப்படாதீங்க. 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். ஆர்பிட்ரேஷன் பிரிவு இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு அடைபடாதுன்னு 2018-இல் எம்மார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. ஒரு நுணுக்கம்: மனுவில் "இந்த ஒப்பந்தமே நியாயமற்றது, செல்லாதுன்னு அறிவியுங்க" என்று கேட்டா அது சென்னையில் மாநில ஆணையம் பார்க்க வேண்டியது. பணத்தைத் திருப்பித் தர மறுத்தது நியாயமற்ற வணிக நடைமுறைன்னு எழுதிப் பணத்தைக் கேளுங்க, மாவட்டத்திலேயே நடக்கும். மூணு மாசத்தில் முடிக்கணும்னு சட்டம் சொல்லுது. நடைமுறையில் இழுக்கும். அதுக்கும் மனசைத் தயார் பண்ணிக்குங்க.

ஒரு டாக்டருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு கேட்பீங்க. 1995-இல் சாந்தா வழக்கில் டாக்டர்களும் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வருவாங்கன்னு தீர்ப்பு வந்ததில் இருந்து எங்க கூட்டம் இந்தச் சட்டத்தைப் பயந்து பயந்து படிக்குது. எல்லாருக்கும் இலவசமாப் பார்க்கிற அரசு மருத்துவமனை அதில் வராதுன்னாலும், ஹாஸ்டல் காலத்துப் பயம் போகலை. நம்மைப் பயமுறுத்தின சட்டம் நம்ம நோயாளிக்கு ஒரு தடவையாவது உதவட்டும்.

கிளப் நடத்துறவங்களுக்கு ஒரு வார்த்தை. எங்களை உங்க கேட் வாட்ச்மேன் ஆக்காதீங்க. எங்க சான்றிதழ் நோயாளிக்கு என்ன இருக்குன்னு சொல்றதுக்கு, உங்க கல்லாவைத் திறக்கிற சாவி இல்லை. ஆரோக்கியம்னு போர்டு மாட்டிட்டு, வெளியே போகணும்னா நோயாளியா வான்னு சொல்றீங்க.

அவருக்கு நான் கடைசியில் எழுதிக் கொடுத்தது இதுதான்: வலது முழங்கால் ஏசிஎல் கிழிவு, சிகிச்சையில் உள்ளார், குறைந்தது ஒன்பது மாதங்களுக்கு விளையாடக் கூடாது. சான்றிதழ் பதிவேட்டிலும் ஏத்தியாச்சு. அதோட இணைச்சு, 64,000 கணக்கைத் தன் கையாலேயே எழுதி, போன திங்கட்கிழமை தபாலில் போட்டிருக்கார். ஒப்புகை அட்டை இன்னும் வரலை. வீட்டுக்காரம்மா 1915 நம்பரைப் பாஸ்புக் அட்டையில் எழுதி வச்சிருக்காங்க. பதினஞ்சு நாள் கெடு கொடுத்திருக்கு, என்ன ஆச்சுன்னு இதே த்ரெட்டுக்குக் கீழே வந்து சொல்றேன்.