ஆடு நனையவே இல்லை

என்பிஏ கூடைப்பந்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அதன் சம்பள உச்சவரம்பைப் புகழாதவர் குறைவு. பணக்கார நகரத்து அணி கோப்பையை விலைக்கு வாங்கிவிடாமல் அது தடுக்கிறதாம். சின்ன ஊர் அணிக்கும் வாழ்வு தருகிறதாம். அணி முதலாளிகள் பரப்பிய கதையை ரசிகர்களே இப்படிச் சுமந்து திரிவது வேடிக்கைதான்.

கணக்கைப் பார்ப்போம். வரம்பே இல்லாத காலம், 1970 முதல் 1979 வரை பத்துப் பருவங்கள்: எட்டு வெவ்வேறு அணிகள் வென்றன. 1984-85இல் ஓர் அணிக்கு 36 லட்சம் டாலர் என்று வரம்பு வந்தது. அதிலிருந்து 2010 வரை 26 பருவங்கள். வென்றவை ஏழே அணிகள். 2019 முதல் 2025 வரை ஆண்டுக்கு ஒரு புது அணி வென்றதே என்பார்கள். உண்மைதான். அதற்கு முந்தைய 34 பருவங்களில் இந்த விதி என்ன செய்துகொண்டிருந்தது?

வரம்பைத் தாண்ட விதியிலேயே வழி உண்டு. சொந்த வீரரைத் தக்கவைக்க அந்நாளில் எவ்வளவும் கொடுக்க முடிந்தது. லாரி பேர்ட் பெயரால் வழங்கும் விதிவிலக்கு அது. 1997-98இல் ஓர் அணிக்கான வரம்பு 2.69 கோடி டாலர். மைக்கேல் ஜோர்டான் ஒருவருக்கே சிகாகோ கொடுத்தது 3.31 கோடி. இதுபோன்ற தொகைகள் முதலாளிகளை உறுத்தின. 1998இல் கதவடைப்பு, பருவம் 50 ஆட்டங்களாகச் சுருங்கியது, முடிவில் தனி வீரரின் சம்பளத்துக்கும் உச்சம் விதித்தார்கள்.

விபரீதம் அங்கேதான் தொடங்கியது. எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே கூலி என்றால், நட்சத்திர வீரர் நண்பர்கள் ஆடும் அணிக்குத்தானே போவார்? 2010இல் லெப்ரான் ஜேம்ஸ், டுவெயின் வேட், கிறிஸ் பாஷ் மூவரும் தலைக்கு ஏறத்தாழ 1.45 கோடிக்கு மயாமியின் 5.8 கோடி வரம்புக்குள் அடங்கினார்கள். லெப்ரானின் உண்மையான விலையைக் கொடுக்க, அவர் அதுவரை ஆடிய க்ளீவ்லாந்தை அனுமதித்திருந்தால் அந்தக் கூட்டணி எப்படி அமைந்திருக்கும்?

2011இல் மறுபடி கதவடைப்பு. வருவாயில் வீரர்களின் பங்கு 57 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய பாதியாக இறங்கியது. அப்போதும் சின்ன ஊர் அணிகளுக்காகத்தான் கண்ணீர் வடித்தார்கள், ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய் போல. அந்த அக்கறை மெய்யென்றால், பெரிய நகரத்து அணிகள் உள்ளூர் ஒளிபரப்பில் அள்ளும் பணம் முழுவதையும் பொதுவில் வைத்துப் பங்கிட்டிருக்கலாமே. வீரரின் கூலியில் ஏன் கைவைக்க வேண்டும்?

2023 ஒப்பந்தம் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு ‘இரண்டாம் ஏப்ரன்’ என்று இன்னொரு கோடு போட்டது. அதைத் தாண்டிய அணி, இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்துக் காட்டி ஒரு பெரிய வீரரை மாற்றாகப் பெற முடியாது. 2024இல் கோப்பை வென்ற பாஸ்டன், அடுத்த கோடையிலேயே அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்குவதற்காக ஜூரூ ஹாலிடேயைப் போர்ட்லண்டுக்கும் போர்சிங்கிஸை அட்லாண்டாவுக்கும் அனுப்பியது. அதே 2025இல் அந்த அணியை 610 கோடி டாலர் மதிப்பில் விற்றார்கள். அந்த விலைக்கு வரம்பு கேட்டு எந்த முதலாளியும் வாய் திறக்கவில்லை.