இரைப்பைக் கட்டி: அலைய வேண்டியது நோயாளியா?

உளுந்தூர்பேட்டை வட்டம் களமருதூரில் ஒருவருக்கு மேல்வயிறு வலித்தால் அதற்கு ‘அல்சர்’ அல்லது ‘கேஸ்’ என்றுதான் பெயர். மாத்திரை போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காதவர்களில் வெகு சிலருக்கு இரைப்பைச் சுவருக்குள் புற்றல்லாத கட்டி இருக்கக்கூடும். அபூர்வமான நோய்க்கு இவ்வளவு கவலை எதற்கு? கட்டி சாதுவானதுதான், ஆனால், அதைப் புற்றென்று தவறாகக் கணித்தால் இரைப்பையையே இழக்க நேரிடும்.

இந்தக் கட்டிகள் சத்தமில்லாமல் ரத்தம் கசியவிடும். ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். மலம் கறுத்தால், ‘மாத்திரையால் அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுவோம். பல நேரம் அது சரி. ஆனால், இரைப்பையில் கசியும் ரத்தமும் மலத்தைக் கறுப்பாக்கும். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் எண்டோஸ்கோபி பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

பெயர் தெரியாத கட்டி

எண்டோஸ்கோபியில் வழவழப்பான ஒரு மேடுதான் தெரியும். பயாப்ஸிக்குக் கிள்ளி எடுப்பதோ மேற்சவ்வை மட்டும். கட்டி இருப்பது அதற்கு அடியில். ‘புற்று இல்லை’ என்று வரும் அறிக்கை கட்டியைத் தொடவே இல்லை. எந்த அடுக்கில் முளைத்தது என்பதை எண்டோஸ்கோபி வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்ட் காட்டும். கொழுப்புக் கட்டியை சி.டி. ஸ்கேனே சொல்லிவிடும். சிக்கல், தசையில் முளைக்கும் லியோமயோமா, நரம்புறையில் முளைக்கும் ஷ்வான்னோமா, புற்றாக மாறக்கூடிய ஜிஸ்ட் ஆகிய மூன்றில்தான். நுண்ணோக்கியில் மூன்றும் ஏறக்குறைய ஒரே சாயல். ஜிஸ்ட் கட்டிகளுக்குப் பின்னால் இருக்கும் ‘கிட்’ மரபணு மாற்றத்தை 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதுவரை பல ஜிஸ்ட்கள் லியோமயோமா கணக்கில்தான் இருந்தன. இன்று சி.டி.117, எஸ்-100, டெஸ்மின் சாயச் சோதனைகள் இவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன.

பெயர் தெரிந்துவிட்டால் வைத்தியம் எளிது. தொல்லை தராத சிறிய கட்டியைக் கண்காணித்தாலே போதும். பெரிதானாலோ ரத்தம் கசிந்தாலோ, கட்டியையும் அதைச் சுற்றிச் சிறிது இரைப்பையையும் வெட்டி எடுக்கலாம். முழு இரைப்பையையும் எடுத்தவருக்கோ ஆயுள் முழுக்க பி12 ஊசி தேவைப்படும்.

மருந்து மலிந்தது, சோதனை?

ஜிஸ்ட்டுக்கான இமாட்டினிப் மருந்தின் ஒரு வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. மாதம் லட்சம் ரூபாயைத் தாண்டிய மருந்து, இந்திய நிறுவனங்களின் தயாரிப்பாகச் சில ஆயிரங்களில் தொடர்ந்து கிடைக்க அது வழிவிட்டது. ஆனால், அந்த மருந்து யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று சொல்லும் சோதனை சாமானியருக்கு இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது.

களமருதூரை உள்ளடக்கி 2019இல் மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. அறுவைச் சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. ஆனால், சோதனைக்காக ஜிப்மருக்கும் சென்னைக்கும் அலையும் பஸ் செலவும், கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருபவர் இழக்கும் கூலியும் நோயாளியின் தலையில்தான் விழுகின்றன.

எல்லாக் கல்லூரியிலும் எல்லாச் சாயச் சோதனையும் வேண்டியதில்லை. ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்த திசுக்கட்டை பல ஆண்டுகள் கெடாது, தபாலிலேயே அனுப்பலாம். சில மண்டல ஆய்வகங்களை அரசு அறிவித்து, மாவட்டங்களின் திசுக்கட்டைகளை அங்கே இலவசமாகச் சோதிக்கட்டும். அறிக்கைக்குக் கெடு வைத்து, அந்தச் செலவையும் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கட்டும். பெரிய மருத்துவமனைக்குப் போயே தீர வேண்டியவர் யார் என்பதை அந்த அறிக்கை சொல்லும். மற்றவர்கள் சொந்த மாவட்டத்திலேயே குணமாகலாம்.