அனுப்பியவரே ஒப்பிய நான்காண்டுகள்

மும்பை மாநகராட்சியின் நிலைக்குழுவில் 26 உறுப்பினர்கள் உண்டு. அது வாரந்தோறும் கூடும். அதன் முன் வைக்கப்படும் பொருள்பட்டியலைக் கையில் எடுத்த எவருக்கும் நான்காவது பக்கத்தில் கொட்டாவி வந்துவிடும். இன்ன நாலாவைத் தூர்வார இன்ன ஒப்பந்ததாரர், இன்ன மருத்துவமனைக்கு இத்தனை படுக்கை விரிப்பு, இன்ன வார்டில் குடிநீர்க் குழாய் மாற்றம், பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலணி. பத்திரிகைகள் இவற்றைப் பெரிதாக எழுதுவதில்லை. நமது கட்சிக் கூட்டங்களிலும், உண்மையைச் சொல்வதானால், சர்வதேச நிலைமை முடிந்து தேசிய நிலைமை முடிந்து மாநில நிலைமைக்கு வருவதற்குள் கடைசி ரயிலுக்கு நேரமாகிவிடுகிறது. ஆனால் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் உழைப்பாளியின் ஒருநாள் பொழுது அந்தக் கொட்டாவி வரவழைக்கும் பட்டியலுக்குள்தான் அடங்கியிருக்கிறது.

2022 மார்ச் 7 அன்று மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. மறுநாள் முதல் ஆணையரே நிர்வாக அதிகாரியாகவும் நியமிக்கப்பட்டார். 1984க்குப் பின்னர் இந்நகரம் அப்படியொரு நிலையைக் கண்டதில்லை. அடுத்த தேர்தல் 2026 ஜனவரி 15 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டு பத்து மாதங்கள், 227 வார்டுகளுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. இக்காலத்தைப் பற்றி முதலாளித்துவப் பத்திரிகைகள் எழுதிய தலையங்கங்களில் ஒரு பெருமூச்சு கேட்டது: நகர்சேவக்குகள் தொல்லை இல்லை, வேலை வேகமாக நடக்கிறது என்று. அந்த வேகத்தைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும்.

1888ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டம் ஆங்கிலேயர் இயற்றியது. அது மக்களாட்சிச் சட்டம் என்று யாரும் சொல்ல முடியாது. நிறைவேற்று அதிகாரம் முழுவதையும் அது மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடம் தந்தது. மேயர் பதவி பெரும்பாலும் மாலைக்கும் மேடைக்குமானது. வரி கட்டுவோரைத் தாண்டி வயதுவந்த அனைவருக்கும் இங்கே வாக்குரிமை வந்தது 1948இல்தான். ஆயினும் அச்சட்டத்திலேயே ஒரு தடுப்பு இருந்தது. ஆணையர் முன்மொழியலாம், பெரிய செலவுக்கு நிலைக்குழு ஒப்ப வேண்டும், வரவு செலவுத் திட்டத்தை மாமன்றம் விவாதித்து நிறைவேற்ற வேண்டும். அனுப்பும் கை ஒன்று, ஒப்பும் கை வேறொன்று. 2022 மார்ச்சுக்குப் பின் இரண்டும் ஒரே கையாயின. ஆணையர் என்ற பதவியில் கோப்பை அனுப்பியவர், நிர்வாக அதிகாரி என்ற பதவியில் அதே கோப்புக்கு ஒப்புதல் அளித்தார். 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளின் வரவு செலவுத் திட்டங்கள் இப்படியே நிறைவேறின. அவற்றின் அளவு முறையே 52,619 கோடி, 59,954 கோடி, 74,427 கோடி ரூபாய். கூட்டினால் 1 லட்சத்து 87 ஆயிரம் கோடி. பல சிறிய மாநிலங்களின் திட்டத்தைவிடப் பெரிய தொகை. இதன் மீது ஒரு வெட்டுத் தீர்மானம் இல்லை, ஒரு கேள்வி நேரம் இல்லை. மாநகராட்சியின் வங்கி வைப்புத்தொகை 2022இல் ஏறத்தாழ 92 ஆயிரம் கோடியாக இருந்தது, 2025 தொடக்கத்தில் 82 ஆயிரம் கோடிக்கும் கீழே இறங்கியது. எந்தப் பணிக்காக, எந்த முன்னுரிமைப்படி என்று அவையில் எழுந்து நின்று கேட்க யாரும் இருக்கவில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 243 யு பிரிவு நகராட்சி அமைப்புகளின் ஆயுளை ஐந்தாண்டு என்று வரையறுத்து, அது முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது. மகாராஷ்டிரத்தில் அது எப்படி மீறப்பட்டது என்பது தனிக் கதை. முதலில் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டு வழக்கு. பிறகு வார்டுகளின் எண்ணிக்கை: மகாவிகாஸ் அகாடி அரசு 227ஐ 236 ஆக்கியது, ஷிண்டே அரசு வந்து அதை மீண்டும் 227 ஆக்கியது. அதன்மேல் வழக்கு. 2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் நான்கு மாதத்துக்குள் தேர்தலை முடிக்க உத்தரவிட்டது. அதுவும் போதாமல் செப்டம்பரில் 2026 ஜனவரி 31 வரை அவகாசம் நீட்டிக்கப்பட்டது. தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 2016 அக்டோபரில் முடிந்த சென்னை மாமன்றத்துக்கு 2022 பிப்ரவரி 19 வரை தேர்தல் இல்லை. பெங்களூருவில் 2020 செப்டம்பரில் மன்றம் கலைந்தபின் அதிகாரிகள் ஆட்சியே தொடர்ந்தது. கட்சிகள் வேறு, கொடிகள் வேறு. உள்ளாட்சியைத் தள்ளிப்போடும் ஆர்வம் மட்டும் ஒன்று. நகரத்து நிலத்தின் விலை ஏற ஏற, அந்த நிலத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் அவை ஆளும் வர்க்கத்துக்குச் சுமையாகிறது.

மாமன்றம் இல்லாத நாட்களில் நகர்சேவக்கின் வேலையை யார் பார்த்தார்கள்? வார்டுப் பணிகளுக்கான நிதி சட்டமன்ற உறுப்பினர்களின் கோரிக்கைப்படி வழங்கப்பட்டது. ஆளுங்கூட்டணி உறுப்பினர்களுக்கு அந்நிதி கிடைத்தது, கேட்ட எதிர்க்கட்சியினருக்குக் கிடைக்கவில்லை என்பதை 2024 ஜனவரியில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளேடு ஆவணங்களுடன் வெளியிட்டது. அன்று தாராவியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த வர்ஷா கெய்க்வாட் அந்தக் கிடைக்காதவர் பட்டியலில் இருந்தார். அதாவது, தாராவியின் கழிப்பறைக்குக் கதவு போடுவதா வேண்டாமா என்பது அத்தொகுதி மக்கள் எந்தக் கட்சிக்கு வாக்களித்தார்கள் என்பதைப் பொறுத்ததாயிற்று.

குடிநீரை எடுத்துக்கொள்வோம். 2014 டிசம்பரில், பாணி ஹக் சமிதி தொடுத்த வழக்கில், மும்பை உயர் நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை அளித்தது. குடிசை சட்டபூர்வமானதா என்பது வேறு, அதில் வாழ்பவருக்குத் தண்ணீர் பெறும் உரிமை வேறு என்றது அது. 2022 மே மாதத்தில் மாநகராட்சி ‘அனைவருக்கும் நீர்’ என்ற கொள்கையையும் அறிவித்தது. கொள்கை அறிவித்தாயிற்று. ஆனால் சந்துக்குள் குழாய் வருவதற்கு விண்ணப்பம், ஆய்வு, ஒப்புதல், உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளர் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். தாராவிக்காரர் தாதரில் பிளாசா திரையரங்கை அடுத்துள்ள ஜி வடக்கு அலுவலகத்துக்குப் போக வேண்டும். மாட்டுங்காக்காரருக்கு எஃப் வடக்கு, செம்பூர்க்காரருக்கு எம் மேற்கு. ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் போய், சாகேப் தளப்பணிக்குச் சென்றிருக்கிறார் என்ற பதிலைக் கேட்டுத் திரும்புவது எப்படி இருக்கும் என்பது நம் தோழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நகர்சேவக் இருந்த காலத்தில் அவர் நேர்மையானவரோ இல்லையோ, அவர் வீட்டு வாசல் நம் தெருவில் இருந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவர் நம் வாசலுக்கு வர வேண்டியிருந்தது.

இதனால் பழைய மாமன்றம் பொற்காலம் என்று பொருளல்ல. சிவசேனையின் கையில் கால் நூற்றாண்டு இருந்த நிலைக்குழு, ஒப்பந்ததாரர்களின் சந்தையாகவே அறியப்பட்டது. 2015இல் நாலா தூர்வாரும் ஊழல் வெளிவந்தது, அடுத்த ஆண்டு சாலைப்பணி ஊழல் வந்தது. பத்து அடி நடைபாதைக்கு நான்கடிப் பெயர்ப்பலகை வைக்கும் கலாச்சாரமும் அவர்கள் வளர்த்ததுதான். பொதுப்பணத்தில் போட்ட பெஞ்சில் உட்கார்ந்தால் முதுகில் யாரோ ஒருவரின் பெயர் உறுத்தும். ஆனால் அந்த ஊழல்கள் பற்றி அவைக்குள்ளேயே கூச்சல் எழுந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர் காகிதத்தைக் கிழித்து எறிந்தார், மறுநாள் செய்தியானது. திருட்டு நடந்த வீட்டில் நாயும் இருந்தது என்று சொல்லலாம். நாயை அப்புறப்படுத்திவிட்டுத் திருட்டு ஒழிந்தது என்றால் எப்படி ஏற்பது? மாமன்றம் இல்லாத காலத்தில்தான் 6,000 கோடி ரூபாய்க்குச் சாலைகளைக் கான்கிரீட் ஆக்கும் ஒப்பந்தங்கள் விடப்பட்டன.

தாராவியைப் பொறுத்தவரை இரண்டு முடிவுகளைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

முதலாவது வரி. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில், குடிசைப் பகுதிகளில் தொழிலுக்குப் பயன்படும் இடங்களுக்குச் சொத்து வரி விதிக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. நகரில் இரண்டரை லட்சம் குடிசைகள், அவற்றில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 50 ஆயிரம், தொழிலிடங்கள், அவற்றிலிருந்து 350 கோடி ரூபாய் வருவாய் என்பது கணக்கு. குடிசையில் தொழில் செய்பவர் வரியே கட்டக் கூடாது என்பது நமது நிலைப்பாடல்ல. ஏற்றுமதிக்குத் தோல்பை தைக்கும் பட்டறையின் உரிமையாளர் கட்டலாம். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து, மகன் தலையில் சுமந்து விற்க அனுப்பும் தாயின் பத்துக்குப் பத்து அறை தொழிலிடமா, வீடா? முறுக்குச் சுடும் அறை எது, உறங்கும் அறை எது? கும்பர்வாடாவில் சக்கரம் சுழலும் இடத்தில்தானே குழந்தையும் தூங்குகிறது? வரி வாங்கிக்கொண்ட பிறகு அந்த ரசீது, மறுகட்டமைப்பில் அந்த இடத்துக்கான சான்றாக ஏற்கப்படுமா? மாமன்றத்தில் இம்மசோதா வந்திருந்தால், ஏழெட்டு வார்டு உறுப்பினர்களாவது, கட்சி எதுவாயினும், வாக்குக்கு அஞ்சியேனும் இவற்றைக் கேட்டிருப்பார்கள். அதே 2025 ஏப்ரலில் வீட்டுக் குப்பைக்கும் மாதம் 100 ரூபாய் முதல் கட்டணம் என்ற வரைவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியது, தேர்தலும் நெருங்கியது. அது கிடப்பில் போடப்பட்டது. தேர்தல் என்ற சொல்லுக்கே எத்தனை வலிமை என்று பாருங்கள்.

இரண்டாவது நிலம். தாராவி நிலத்தின் பெரும்பகுதி மாநகராட்சிக்குச் சொந்தமானது. அதாவது நகர மக்களின் பொதுச் சொத்து. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் கேட்புடன் மறுகட்டமைப்புத் திட்டம் அதானி குழுமத்தின் கைக்குப் போயிற்று. அப்போது அந்தச் சொத்தின் அறங்காவலராக இருக்க வேண்டிய மாமன்றம் இல்லை. தகுதியற்றோர் என்று வகைப்படுத்தப்படுவோரைக் குடியேற்ற தேவ்நார் குப்பைமேட்டில் 124 ஏக்கர் ஒதுக்கப்பட்டபோதும் மாமன்றம் இல்லை. 1927 முதல் நகரத்தின் கழிவைச் சுமந்துவரும் அந்த மலையை, 1 கோடியே 85 லட்சம் டன் குப்பையை, அகற்றித்தர மாநகராட்சி 2025இல் 2,368 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. திட்டத்தின் லாபம் தனியாருக்கு, குப்பை அள்ளும் செலவு நமக்கு. மேட்டுக்கு அருகே கோவண்டியிலும் செம்பூரிலும் நச்சுப் புகையைச் சுவாசித்து வாழ்பவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அங்கே கொண்டுபோய் விடப்படப் போகிறவர்களிடமும் கேட்கவில்லை.

ஜனவரித் தேர்தலின் முடிவு தெரிந்ததே. பாஜக 89 இடங்களுடன் தனிப்பெரும் கட்சியானது. ஷிண்டே சேனையின் 29ஐச் சேர்த்துப் பெரும்பான்மை. உத்தவ் சேனை 65, காங்கிரஸ் 24. இடதுசாரிகளுக்கு ஓரிடமும் இல்லை. 1970இல் சிவசேனைக் குண்டர்களால் கொல்லப்பட்ட தோழர் கிருஷ்ண தேசாய், பரேலின் சட்டமன்ற உறுப்பினராவதற்கு முன் இதே மாமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். 1978இல் தாராவித் தொகுதியே செங்கொடியின் சத்யேந்திர மோரேயைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. ஆலைகள் மூடப்பட்டன, தொழிலாளர் சிதறினர், மராத்தி அடையாள அரசியலும் பின்னர் மதவாதமும் அந்த இடத்தை நிரப்பின என்ற விளக்கம் சரியானதே. ஆனால் அதைச் சொல்லிவிட்டு நாம் அமர்ந்துவிட முடியாது. தண்ணீர்க் குழாய்க்கும் ரேஷன் அட்டைக்கும் நம்மிடம் வந்த மக்கள் எப்போது வேறு வாசலுக்குப் போகத் தொடங்கினார்கள் என்பதையும் நமது கிளைகள் நேர்மையாக ஆராய வேண்டும்.

அவையில் இடமில்லாத கட்சிக்கு வேலையில்லை என்று நினைக்கலாகாது. கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்டம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிக்கு ஒதுக்கி, அதைச் செலவிடும் வழியைக் கிராம சபையிலும் வார்டு சபையிலும் பேச வைத்தது. கடந்த டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் அங்கே இடது முன்னணி பின்னடைவைச் சந்தித்தது உண்மை. ஆனாலும் வென்றவர்கள் அச்சபைகளைக் கூட்டியாக வேண்டும். தமிழ்நாட்டிலும் 2022 நவம்பர் 1 முதல் நகரங்களில் பகுதி சபைகள் கூடத் தொடங்கின, எத்தனை குறைகளோடு என்றாலும். மகாராஷ்டிரத்தில் பகுதி சபைக்கான சட்டத் திருத்தம் 2009ஆம் ஆண்டிலிருந்து ஏட்டில் இருக்கிறது.

அதை ஏட்டிலிருந்து தெருவுக்கு இறக்கும் கோரிக்கையை ஜி வடக்கு, எஃப் வடக்கு, எம் மேற்கு வார்டுகளில் நமது கிளைகள் கையெழுத்து இயக்கமாக எடுக்கலாம். நான்காண்டுகளில் நிர்வாக அதிகாரியின் ஒற்றைக் கையொப்பத்தில் நிறைவேறிய ஒப்பந்தங்கள், வரி அறிவிப்புகள், நில ஒதுக்கீடுகள் ஆகியவற்றின் முழுப் பட்டியலையும் புதிய மாமன்றத்தின் மேசைமேல் வைக்குமாறு வலியுறுத்தலாம். அதற்கு எந்தக் கட்சி உறுப்பினர் எழுந்து குரல் கொடுத்தாலும் அவருக்கு நாம் தகவல் கொடுத்து உதவலாம். வார்டுக் குழுவின் பொருள்பட்டியலை வாங்கி, தமிழில் எழுதி, தொண்ணூறு அடிச் சாலையின் கரும்பலகையில் போடுவதற்கு ஒரு தோழரும் ஒரு சுண்ணக்கட்டியும் போதும்.