கேலிக் விளையாட்டு பிள்ளைகளை என்ன செய்கிறது?

அயர்லாந்தின் சின்னச் சின்ன ஊர்களில்கூட ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, அப்புறம் ஆங்கில 'எச்' எழுத்து வடிவத்தில் கோல் கம்பங்கள் நட்ட ஒரு மைதானம் இருக்கும். அந்த மைதானம் கேலிக் விளையாட்டுகளுக்கானது. சாயங்காலம் ஆனால் ஏழெட்டு வயசுப் பொடிசுகளிலிருந்து கல்யாணம் ஆனவர்கள் வரை அங்கேதான் கிடப்பார்கள்.

இந்த விளையாட்டுகளைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். கேலிக் கால்பந்தில் பந்தைக் காலால் உதைக்கலாம், கையில் பிடித்துக்கொண்டும் ஓடலாம். ஆனால் நாலு அடிக்கு மேல் சும்மா தூக்கிக்கொண்டு ஓட முடியாது. தரையில் தட்ட வேண்டும், அல்லது காலில் தட்டிக் கைக்கு எடுக்க வேண்டும். ஹர்லிங் மட்டை ஆட்டம். ஆஷ் மரத்தில் செய்த, நுனி அகன்ற மட்டையால் சின்னத் தோல் பந்தை அடிப்பது. பெண்கள் ஆடும் ஹர்லிங்குக்குக் கமோகி என்று பெயர். எல்லாவற்றிலும் அணிக்கு 15 பேர். பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் பொதுவாக 1 புள்ளி, கீழே வலைக்குள் போனால் 3 புள்ளி.

ஆண்களுக்கான ஆட்டங்களை நடத்துவது கேலிக் தடகளச் சங்கம். சுருக்கமாக ஜி.ஏ.ஏ. 1884 நவம்பர் 1-ம் தேதி, டிப்பரரி கவுண்டியில் தர்லெஸ் என்ற ஊரில் ஒரு ஓட்டலில் கூடிய சிலர் தொடங்கியது. இன்று அயர்லாந்துக் குடியரசு, வட அயர்லாந்து இரண்டையும் சேர்த்து 32 கவுண்டிகளுக்கும் ஒரே சங்கம். 2,000-க்கும் மேற்பட்ட கிளப்புகள் அதில் இருக்கின்றன. கமோகிக்கு 1904 முதலும், பெண்கள் கால்பந்துக்கு 1974 முதலும் தனிச் சங்கங்கள் உண்டு.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

விளையாட்டு பிள்ளைகளுக்கு ஒழுக்கம் தரும், தன்னம்பிக்கை தரும், தலைமைப் பண்பு தரும் என்று பள்ளி ஆண்டு விழாக்களில் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. கோலி விளையாட்டிலிருந்து கோல்ஃப் வரை எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். பந்துக்கும் மட்டைக்கும் அப்படி எந்த மந்திர சக்தியும் கிடையாது என்பது என் கருத்து. அந்த ஆட்டத்தைப் பெரியவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் பிள்ளையை ஆக்குவதும் கெடுப்பதும். கேலிக் விளையாட்டில் இரண்டும் பளிச்சென்று தெரிகிறது. அதனால்தான் அதைப் பற்றி எழுதத் தோன்றியது.

முதலில், யாருக்காக ஆடுகிறோம் என்பதைப் பாருங்கள். ஐரோப்பியக் கால்பந்தில் 10 வயதுப் பையன் நன்றாக ஆடினால் பெரிய கிளப் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். இங்கே அப்படி இல்லை. பல கவுண்டிகளில் நீங்கள் எந்தத் தேவாலயப் பங்கில் வசிக்கிறீர்களோ அந்தப் பங்கின் கிளப்புக்குத்தான் ஆட முடியும். கிளப் மாறுவது லேசில் நடக்காது. ஆக, கூட ஆடுகிறவன் பக்கத்து வீட்டுப் பையன். பயிற்சி தருகிறவர் தபால்காரராகவோ, பள்ளி ஆசிரியராகவோ, அவனுடைய அம்மாவாகவோ இருப்பார். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆட்டம் தோற்றால் மறுநாள் காலையில் கடையிலும் பள்ளியிலும் அதே முகங்களைத்தான் பார்த்தாக வேண்டும். அடுத்தவன்மேல் பழியைப் போட்டுவிட்டு நழுவ முடியாது. மைதானத்துக்கு உள்ளே ஒரு ஆள், வெளியே இன்னொரு ஆள் என்று இருக்க இந்த ஏற்பாடு இடமே கொடுப்பதில்லை.

இரண்டாவது, காசு இல்லை. டப்ளினில் இருக்கும் குரோக் பார்க் மைதானத்தில் 82,300 பேர் உட்காரலாம், நிற்கலாம். அகில அயர்லாந்து இறுதிப் போட்டி அன்று அது நிரம்பி வழியும். அங்கே ஆடுகிற யாருக்கும் ஆடுவதற்கென்று சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நாடே பார்க்க ஆடியவர் மறுபடி வகுப்பறைக்கோ, பண்ணைக்கோ, அலுவலகத்துக்கோதான் போக வேண்டும். ஒரு 12 வயதுப் பெண்ணோ பையனோ தன் ஆதர்ச வீரரைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்ப்பதில்லை. தன் பள்ளியில் கணக்குச் சொல்லித் தருகிறவராகவே அவர் இருக்கலாம். 'ஆட்டம் மட்டும் போதும், படிப்பு எதற்கு?' என்று பிள்ளை கேட்டால், பதில் கண்ணெதிரிலேயே நடமாடுகிறது.

மூன்றாவது, ஆட்டத்துக்குள் கற்பது. ஹர்லிங்கில் எதிராளி மட்டையை ஓங்கும்போது தடுக்க இரண்டு வழிகள் உண்டு. பின்னாலிருந்து துரத்துகிறவர் தன் மட்டையை நீட்டி அவர் வீச்சைத் தட்டிவிடலாம். முன்னாலிருப்பவர் நேரே உள்ளே பாய்ந்து அடியைத் தடுக்கலாம். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், எவ்வளவு நெருங்கிப் போகிறோமோ அவ்வளவு பாதுகாப்பு. பயந்து ஒரு அடி தள்ளி நிற்பவருக்குத்தான் வீச்சின் முழு வேகமும் விழும். இதைச் சின்னப் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். 2010 முதல் எல்லா வயதினருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். துணிச்சல் வேறு, அசட்டுத் துணிச்சல் வேறு என்று இதைவிடத் தெளிவாக ஒரு பாடப்புத்தகத்தால் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

நான்காவது, எதிரணி. ஃபேலா நா நேல் என்று சிறுவர்களுக்கான ஒரு போட்டி 1971-ல் தொடங்கியது. வெளியூரிலிருந்து ஆட வரும் பிள்ளைகள் ஓட்டலில் தங்க மாட்டார்கள். உள்ளூர்க் கிளப் பிள்ளைகளின் வீடுகளில் ஆளுக்கொரு வீடாகப் பிரித்துத் தங்க வைப்பார்கள். மத்தியானம் மைதானத்தில் முட்டிமோதிக்கொண்டவனோடு ராத்திரி ஒரே மேசையில் சாப்பாடு. பல பத்தாண்டுகள் இப்படி நடந்தது. அண்மை ஆண்டுகளில் இது ஒருநாள் போட்டியாகச் சுருங்கிவிட்டது. பிள்ளைகளின் பாதுகாப்பு, வீடு கிடைப்பது என்று நடைமுறைச் சிக்கல்கள் இருக்கத்தான் செய்யும். ஆனாலும், எதிராளியும் நம்மைப் போல ஒரு வீட்டுப் பிள்ளை என்று காட்டிய ஏற்பாடு கைவிட்டுப் போனது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

ஊர் சார்ந்த ஆட்டம் என்றால் வெளியிலிருந்து வருகிறவர்கள் கதி என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சாக் மொராடி என்பவர் குர்து இனத்தவர். 1991-ல் இராக்கில் அகதி முகாமில் பிறந்தவர். 2002-ல் குடும்பத்தோடு லீட்ரிம் கவுண்டிக்கு வந்து சேர்ந்தார். அங்கேதான் ஹர்லிங் மட்டையைப் பிடித்தார். 2019-ல் லீட்ரிம் அணி குரோக் பார்க்கில் லோரி மார் கோப்பையை வென்றபோது அந்த அணியில் அவர் இருந்தார். ஷான் ஓக் ஓ ஹால்பின் கதையும் தெரிந்திருக்கலாம். தாய் ஃபிஜியின் ரொட்டுமா தீவைச் சேர்ந்தவர், தந்தை அயர்லாந்துக்காரர். 1988-ல் சிட்னியிலிருந்து கார்க் நகருக்கு வந்தார். 2005-ல் கார்க் அணியின் தலைவராக அகில அயர்லாந்துக் கோப்பையை வாங்கிக்கொண்டு, வெற்றி உரையை ஐரிஷ் மொழியிலேயே நிகழ்த்தினார். சொந்த நாட்டுக்காரர்கள் பலருக்கே தடுமாறும் மொழி அது!

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான். வெக்ஸ்ஃபோர்டு அணியின் லீ சின்னுடைய தந்தை மலேசியாவிலிருந்து வந்தவர். மைதானத்திலேயே இனவெறி வசவுகளைக் கேட்க நேர்ந்ததை அவர் பொதுவில் சொல்லியிருக்கிறார். மட்டையைக் கையில் கொடுப்பது சுலபம். வசவு வரும்போது யார் எழுந்து நின்று தட்டிக் கேட்கிறார்கள் என்பதில்தான் ஊரின் லட்சணம் தெரியும். அங்கே பேசாமல் நிற்கும் பெரியவரைப் பார்த்துப் பிள்ளைகளும் பேசாமல் இருக்கத்தான் கற்பார்கள்.

பெரியவர்கள் என்றதும் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

12 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஜி.ஏ.ஏ. 'கோ கேம்ஸ்' என்ற முறையை வைத்திருக்கிறது. சின்ன மைதானம், குறைந்த ஆட்கள், வந்த பிள்ளைகள் எல்லோரும் ஆட்டம் முழுக்க ஆட வேண்டும், கோப்பை கிடையாது. என்னைக் கேட்டால் அந்தச் சங்கம் செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியம் இதுதான். ஆனால் இதை எதிர்த்து முணுமுணுப்பவர்கள் எப்போதும் உண்டு. 'தோற்கப் பழகாத பிள்ளை எப்படி உருப்படும்?' என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கோப்பைக்காக ஆடும் அணியில் மெதுவாக ஓடும் பிள்ளைக்குத் தோல்வி கிடைப்பதில்லை, பெஞ்சுதான் கிடைக்கிறது. குளிரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போகிற பிள்ளை அதிலிருந்து என்ன கற்கும்? 'நான் வேண்டாதவன்' என்று கற்கும். ஒரு வருஷத்தில் வருவதை நிறுத்திவிடும். 10 வயதில் குட்டையாக, மந்தமாக இருப்பவன் 17 வயதில் எப்படி இருப்பான் என்று எந்தப் பயிற்சியாளருக்கும் தெரியாது.

எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று கத்துவதும் இதே நோயின் இன்னொரு முகம். 2022-ல் ரோஸ்காமன் கவுண்டியில் ஓர் இளையோர் ஆட்டத்தில் நடுவர் தாக்கப்பட்டார். அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதன்பின் அந்தக் கவுண்டியில் ஆட்டங்களை நிறுத்தி வைத்தார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகள் கண்முன் நடந்த காரியம் இது. அன்றைக்கு அவர்கள் கற்றது எந்த ஒழுக்கம்? 2025-ல் கேலிக் கால்பந்துக்கு வந்த புதிய விதிகளில், நடுவரோடு வாதம் செய்தால் எதிரணியின் ஃப்ரீ கிக்கை 50 மீட்டர் முன்னே கொண்டுபோகலாம் என்று ஒன்று இருக்கிறது. நல்ல விதி. உபதேசத்தால் ஆகாததைச் சில சமயம் விதி செய்துவிடும்.

அப்புறம் திறமைசாலிப் பிள்ளைகள் பாடு. நன்றாக ஆடும் 17 வயதுப் பையனைப் பள்ளி கேட்கும், கிளப் கேட்கும், கவுண்டி கேட்கும். எல்லோருக்கும் அவன் வேண்டும். அவனுடைய முழங்காலைப் பற்றியோ தேர்வைப் பற்றியோ கவலைப்பட யாருக்கும் நேரமில்லை. 2018-ல் கவுண்டி அளவிலான மைனர் போட்டியின் வயது வரம்பை 18-லிருந்து 17 ஆகக் குறைத்ததற்குப் பள்ளி இறுதித் தேர்வு நெருக்கடியும் இந்தச் சுமையும் முக்கியக் காரணங்கள். புகழ் சீக்கிரம் வருவதில் வேறு ஆபத்துகளும் உண்டு. 2002-ல் ஆர்மா அணியோடு அகில அயர்லாந்துப் பட்டம் வென்ற ஓஷின் மெக்கான்வில், சூதாட்டப் பழக்கத்தில் தான் சீரழிந்ததைப் பின்னர் வெளிப்படையாக எழுதினார். பிறகு அதே பழக்கத்தில் சிக்கியவர்களுக்கு ஆலோசகர் ஆனார். 2018-ல் ஜி.ஏ.ஏ. சூதாட்ட நிறுவனங்களின் விளம்பர ஆதரவுக்குத் தடை போட்டது. மைதானத்தில் வீரனாக இருப்பது வெளியே எதிலிருந்தும் காப்பாற்றிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு பாடம் இருக்கிறது. கமோகி ஆடுகிறவர்கள் பாவாடை மாதிரியான உடைதான் அணிய வேண்டும் என்று விதி இருந்தது. அசௌகரியம் என்று வீராங்கனைகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2025 மே மாதம் டப்ளின், கில்கெனி அணிகள் இரண்டும் ஷார்ட்ஸ் அணிந்து ஆட வந்தன. மாற்றிக்கொண்டு வராவிட்டால் ஆட்டம் இல்லை என்றார்கள். அதே மாதம் சிறப்பு மாநாடு கூடி, விரும்பியதை அணியலாம் என்று 98 சதவீத வாக்குகளோடு முடிவு செய்தது. ஒரு விளையாட்டு இளையவர்களை உருவாக்குகிறது என்றால், அந்த இளையவர்கள் திருப்பி அந்த விளையாட்டைத் திருத்தவும் முடிய வேண்டும். கீழ்ப்படிய மட்டும் கற்றுத் தந்தால் அது பாதிப் படிப்புதான்.

ஜாக் லிஞ்ச் கார்க் அணிக்காக 1941 முதல் 1946 வரை தொடர்ந்து ஆறு அகில அயர்லாந்துப் பட்டங்கள் வென்று, பின்னாளில் நாட்டின் பிரதமரும் ஆனார் என்பதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கலாம். அப்படி ஒருவரை வைத்து எதையும் நிரூபிக்க நான் விரும்பவில்லை. அவருடைய காலத்திலும் கவுண்டிச் சட்டை அணியாமலே போனவர்கள்தான் அதிகம். 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, வீட்டை விட்டு வெளியேற முடியாத முதியவர்களுக்கு மளிகையும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் கிளப் ஆட்கள் ஏராளம். அவர்களில் பலரின் பெயர் எந்தக் கோப்பையிலும் பொறிக்கப்பட்டிருக்காது. யார் வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆட்டம் கொடுத்த உண்மையான பயன் அதுதான்.

ஆகவே, ஒரு கிளப் நன்றாக நடக்கிறதா என்று தெரிய அலமாரியில் எத்தனை கோப்பை என்று எண்ண வேண்டாம். 8 வயதில் வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் 18 வயதிலும் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். ஆடுவதற்கோ, நடுவராகவோ, பொடிசுகளுக்குச் சொல்லித் தரவோ, எதற்காக இருந்தாலும் சரி. அந்தக் கணக்கு சரியாக இருந்தால், ஒழுக்கமும் தன்னம்பிக்கையும் தானாக வந்து சேரும். ஆண்டு விழாவில் அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டிய அவசியமே இருக்காது.