பத்து வயதுக் காரின் அடிவயிறு

கார் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று சிங்கப்பூரில் சொல்லத் தேவையில்லை. சிஓஇதான். பத்து ஆண்டு முடியப்போகிறது, காரை விட்டுவிடுவதா, புதுப்பிப்பதா? (அந்தச் சான்றிதழுக்குப் பொறுப்பான நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தலைமையகம் லிட்டில் இந்தியாவின் ஹேம்ப்ஷியர் சாலையில், பழைய கண்டாங் கிர்பாவ் மருத்துவமனைக் கட்டடத்தில் இருக்கிறது. நம்மில் பலர் பிறந்த இடம்!) கட்டணம், வங்கிக் கடன், சாலை வரி என எல்லாக் கணக்கும் போடுவோம். குனிந்து காருக்கு அடியில் பார்ப்பவர்கள்தான் குறைவு.

“இங்கே பனியா பெய்கிறது, துருப்பிடிக்க?” என்பார்கள். பாதி சரி. கனடாவைப்போல நம் சாலைகளில் குளிர்காலத்துக்கு உப்புக் கொட்டுவதில்லை. ஆனால் காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடும். நம் சராசரி 80க்கும் மேல். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை வேறு. ஈஸ்ட் கோஸ்ட் கடலோரம் அன்றாடம் நிற்கும் காருக்கும், அடிக்கடி தேசாரு போய்வரும் காருக்கும் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு: குறுந்தூர ஓட்டம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகைக்குழாய் வழியே போகிறது. வீட்டிலிருந்து தேக்கா சந்தை, சந்தையிலிருந்து வீடு என்றே ஓடும் காரில் குழாய் நன்றாகச் சூடாவதற்குள் இஞ்சின் நின்றுவிடும். தண்ணீர் சைலன்சருக்குள் தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் விரைவுச்சாலையில் ஓட்டினால் உலர்ந்துவிடும்.

எல்லாத் துருவுக்கும் பயப்பட வேண்டாம். மழைக்கு மறுநாள் பிரேக் தட்டில் தெரியும் ஆரஞ்சு நிறம் நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். போல்ட் தலைகளில் லேசான செம்பழுப்பு நிறம் அந்த வயதுக்கு இயல்பு. செதில் செதிலாக உரிகிறதா, திருப்புளி முனையால் அழுத்தினால் உள்ளே போகிறதா, அதுதான் ஆபத்து. சப்ஃபிரேம், கதவுக்குக் கீழே ஓடும் சட்டம், பிரேக் எண்ணெய்க் குழாய் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள்.

மேலோட்டமான துருவை எடுக்கும் முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும் உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். கை எட்டாத மூலைகளில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைப் பூசலாம். அது காய்ந்தபின் பிரைமர், அதன்மேல் பெயின்ட். உட்குழிவான சட்டங்களுக்குள் மெழுகு தெளிக்க வேண்டும்.

தேய்க்கும் வேலையை விட்டுவிட்டுத் துருவின்மீதே தார்போன்ற கறுப்புப் பூச்சை அடிப்பதைவிடச் சும்மா விடுவது மேல். ஈரம் அடியில் சிக்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் அரிப்பு தொடரும். தண்ணீர் வடியும் துளைகளும் அடைபடும். பழைய கார் வாங்கும்போது அடிப்பாகம் மட்டும் புத்தம்புதுக் கறுப்பாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

இதையெல்லாம் புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் முயல வேண்டாம். ஜாக்கி மட்டும் தாங்கும் காருக்கு அடியில் தலையை நுழைக்கவே கூடாது. ஊபியிலோ சின் மிங்கிலோ எண்ணெய் மாற்றப் போகும்போது பட்டறையில் காரை எப்படியும் உயரத் தூக்குவார்கள். அப்போது கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு நீங்களே பாருங்கள். படமும் எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டால் துரு பரவுகிறதா என்று தெரிந்துவிடும்.

சிஓஇயைப் புதுப்பித்தால் பார்ஃப் கழிவு போய்விடும். 5 ஆண்டுக்குப் புதுப்பித்தால் மறுபடி நீட்டிக்கவும் முடியாது. 3 வயது முதல் ஈராண்டுக்கு ஒருமுறை நடந்த கட்டாய ஆய்வு, 10 வயதுக்குப் பிறகு ஆண்டுதோறும் வரும். ஆகவே பணம் கட்டுவதற்கு ஒரு மாதம் முன்பே காரைத் தூக்கிப் பாருங்கள். சப்ஃபிரேமில் ஓட்டை இருந்தால், கழிவை வாங்கிக்கொண்டு காரை விட்டுவிடலாம்.